காரணம் (இரண்டு வரிகளுக்கு மிகாமல்)

படிவத்தில் பெயருக்கு ஒரு வரி,
கையொப்பங்களுக்கு அரைப் பக்கம்,
காரணத்துக்கு இரண்டு வரி.
முப்பிடாதி, முழுநேர ஆய்வாளர், நான்காம் ஆண்டு
என்பதுவரை பேனா நிற்கவில்லை.

பிரிவு அலுவலகத்து மீரான் அண்ணன்
முத்திரையை மையில் ஒற்றியபடியே சொன்னார்:
"மெடிக்கல்னு போட்ருங்க.
எல்லாரும் அதத்தான் போடுதாவ.
கல்யாணம்னு போட்டா மேல கேள்வி கேப்பாவ.
மனசு சரியில்லன்னு போட்டா கீழயும் கேப்பாவ."
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

எழுதத்தக்க காரணங்கள் இல்லாமலில்லை.
உதவித்தொகை பதினோரு மாதமாகப்
'பரிசீலனையில்' இருக்கிறது.
தம்பி ஓட்டும் வண்டிக்கு
என் பெயரில் வருகிறது தவணைக் கடிதம்.
இடது கண்ணில் பவர் ஏறியிருக்கிறது.
எல்லாம் நிஜம். எதுவும் அது இல்லை.

அது நடந்தது மூன்றடைப்பில்.
மாசி மாதம், விடிந்தும் விடியாத ஞாயிறு.
கூந்தன்குளம் பஸ் வந்து நின்றது.
கழுத்தில் பைனாகுலர், மடியில் குறிப்பேடு,
உட்கார இடமும் இருந்தது.
"ஏறலையாம்மா?" என்றார் நடத்துநர்.
டீக்கடைப் பெஞ்சில் துருத்திய ஆணியைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.
அடுத்த பஸ்ஸும் போயிற்று.
வெயில் முழங்காலுக்கு ஏறியபோது எழுந்து
எதிர்ப்பக்கம் போய் நின்று வீட்டுக்கு ஏறினேன்.
அழவில்லை. உடம்பு சுடவில்லை.
ஒரு வடைகூடத் தின்றேன்.
இதற்கு எந்த டாக்டர் சீட்டு எழுதித் தருவார்?

மூன்றரை வருடமாக எண்ணுகிறேன்.
மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், வரித்தலை வாத்து.
உடைமரத்தில் எத்தனை கூடு, கூட்டுக்கு எத்தனை குஞ்சு.
நயினார்குளத்தில் மிதந்த வெள்ளைப் பையையும்
கொக்கென்று எண்ணி, அழித்து, மறுபடி எண்ணி.
மானூர்க் குளம் வறண்ட வருடம்
வெடிப்புகளின் நடுவே நின்று
பதினாறு கட்டங்களில் பூஜ்யம் போட்டேன்.
பூஜ்யம் போட வெட்கமில்லை.
போனேன், பார்த்தேன், ஒன்றுமில்லை என்பதும்
ஒரு கணக்குத்தான்.

அந்த ஞாயிற்றுக்கு மட்டும்
கட்டத்தில் என்ன போட?
பூஜ்யம் என்றால் பொய்.
பறவைகள் வந்திருக்கும், நான்தான் வரவில்லை.
போன முறை எண்ணைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் போட்டால்
எந்த நாரை வந்து சாட்சி சொல்லும்?
நானூற்றுப் பன்னிரண்டு என்று
தானாகவே வந்துவிட்டது மனதில்,
பார்த்ததுபோல, அத்தனை தெளிவாக.
பென்சில் முனை தாளைத் தொட்டும்விட்டது.
அப்போதுதான் பயந்தேன்.

பிறகு சிறு கோடு ஒன்று கிழித்தேன்.
எங்கள் அட்டவணையில் கோடு என்றால்
விடுபட்டது. அவ்வளவே.

ஜெபக்கனி மேடம் குறிப்பேட்டைப் புரட்டி
அந்தக் கோட்டில் நின்றார்.
"ஆறு மாசம் போதுமா?"
பேனா மூடியைப் பல்லால் கழற்றினார்.
போதுமா என்று எனக்கும் தெரியாது.
தலையாட்டி வைத்தேன்.

ஆகவே, மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கு,
இரண்டு வரிக்கு மிகாமல்:
பார்க்காததை எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.
ஆறு மாதம் என் கட்டத்தில் கோடு போடுங்கள், பூஜ்யம் வேண்டாம்.

மீரான் அண்ணன் படித்தார்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இன்னொரு முறை படித்தார்.
வேறொரு படிவத்தை நீட்டினார்,
மெடிக்கல் என்று அவரே எழுதி.
முதல் தாளைக் கிழிக்கவில்லை.
நாலாக மடித்து
மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிக்கொண்டார்,
யாருடையதோ கல்யாணப் பத்திரிகைக்குப் பக்கத்தில்.

பைனாகுலரை ஒப்படைத்து ரசீது வாங்கினேன்.
வார் உரசிக் கறுத்த கழுத்து மட்டும் கூடவே வந்தது.
அபிஷேகப்பட்டியிலிருந்து ஜங்ஷன் போகும் பஸ்
ஒரு குளத்தை ஒட்டித் திரும்பியது.
நீர்க்காகங்கள் சிறகைக் காயப்போட்டு நின்றன.
எத்தனையோ இருந்தன.