இரண்டு விரற்கடைத் துணி

நிபால்டோ ஒயார்சூனின் இடுப்பு
எனக்கு எண்களாகத்தான் பழக்கம்.
வேலைக்குச் சேர்ந்தபோது எண்பத்திரண்டு.
கல்யாணத்துக்கு அடுத்த குளிர்காலம் எண்பத்தெட்டு.
அப்புறம் வருடம் தவறாமல்
நீலக் கால்சட்டையைக் கக்கத்தில் இடுக்கிவந்து
"கொஞ்சம் பிரித்துவிடுங்கள், எதெல்மிரா,
துவைத்ததில் சுருங்கிவிட்டது" என்பார்.
பாவம், துணி. அதற்கு வாயில்லை.

வல்பராய்சோவில் எங்கள் குன்றின்மேல்
இரும்புவடத்தில் தொங்கி
ஒரு மரப்பெட்டி ஏறும், இறங்கும்.
உச்சிக் கூண்டில் உட்கார்ந்து
அதன் நெம்புகோலைப் பிடித்திருந்தார்
பத்தொன்பது வருடம்.
ஊரையே தூக்கிவிட்ட மனிதர்
நாற்காலியிலிருந்து தன்னைத் தூக்கியது
மதியச் சாப்பாட்டுக்கு மட்டும்.
போகவர அதே பெட்டி.
கழுத்து ஆமைபோல் முன்னே நீண்டது.
வயிறு நெம்புகோலிடம் இடத்தகராறு செய்தது.

இதில் என் பங்கும் உண்டு.
குனிந்த முதுகுக்குச் சட்டை தைக்கையில்
பின்துண்டை நீளமாக விடுவோம்,
முன்துண்டைக் குட்டையாக்குவோம்.
கண்ணாடியில் யாருக்கும் தெரியாது.
அவர் கூனுக்கு நான் கொடுத்துவந்தது
இரண்டு விரற்கடைத் துணி.
கேட்டதில்லை அவர்.
சொன்னதில்லை நான்.

மார்ச் மாதம் வடத்தில் ஒரு புரி அறுந்தது.
நகராட்சி பெட்டியைப் பூட்டியது.
பெட்டி ஓடாவிட்டாலும்
கூண்டுக்குக் காவல் வேண்டுமாம்.
அவர் வீடு அடிவாரத்தில்.
நடுவில் நூற்றெழுபத்திரண்டு படிகள்.
என் கடை தொண்ணூறாவது படியில்.

முதல் நாள் என் சன்னல் கட்டையைப் பிடித்து
மீன்போல் வாய் திறந்து நின்றார்.
"நாற்காலி போடவா?"
"வேண்டாம். உட்கார்ந்தால் எழமாட்டேன்."
நின்றுகொண்டே மூச்சைத் தேடினார்.
மடங்கிய நெஞ்சுக்குள் காற்று போகவில்லை.
தோளைப் பின்னுக்குத் தள்ளினார், போயிற்று.
தாடையை உள்ளிழுத்தார், இன்னும் போயிற்று.
வைத்தியர் சொல்லியிருந்தால்
மறுநாளே மறந்திருப்பார்.
இதைச் சொன்னது மூச்சு.

மே மாதத்துக்குள் இன்னொன்றும் புரிந்தது,
இரண்டு ரொட்டியை வெண்ணெய்ப்பழத்தோடு விழுங்கிவிட்டுப்
படியேற முடியாதென்று.
ஒன்றைத் தின்றார்.
மற்றதைப் பையில் போட்டுக்கொண்டார்
பழக்க தோஷத்தில்.
நூற்றுப்பத்தாம் படியின் செவலை நாய்
அதற்காகக் காத்திருக்கத் தொடங்கியது.
இப்போது அதுதான் பெருத்துவிட்டது.
அளவெடுக்க என்னிடம் வராதது ஒன்றே குறை.

நவம்பரில் புது வடம், புதுச் சீருடை.
நாடாவைச் சுற்றினேன். நூற்று மூன்று
தொண்ணூற்றொன்பது ஆகியிருந்தது.
"எட்டு மாதம் ஏறி இறங்கி
நாலே நாலு சென்டிமீட்டரா?"
முகம் தொங்கிப்போயிற்று.
பழைய அளவிலேயே வெட்டி
ஒட்டுத்தையல் போட்டு மாட்டிவிட்டேன்.
முன்பக்கம் தொப்புளுக்கு மேலேறியது.
கழுத்தின் கீழே துணி சுருண்டு நின்றது
வேண்டாத விருந்தாளிபோல்.

வெட்டியது தப்போ என்று
நோட்டைப் புரட்டினேன்.
நோட்டு சரி. முதுகுதான் மாறியிருந்தது.
சுருண்டதைக் கிள்ளிப் பிடித்துக் கத்தரித்தேன்.
அவர் கையில் வைத்தேன். "என்ன இது?"
"உங்கள் கூன்" என்றேன்.
கொஞ்ச நேரம் அதை
விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

பெட்டி மறுபடி ஓடுகிறது.
மழையென்றால் அவரும் அதில்தான் போகிறார்,
பொய் சொல்வானேன்.
மற்ற நாட்களில் படி.
கூண்டில் நின்றபடியே நெம்புகோல் இழுக்கிறாராம்.
பார்த்தவர்கள் சொன்னார்கள்.

என் முதுகை யார் அளப்பது?
தையல் மேசையின் கால்களுக்கடியில்
செங்கல் வைத்தேன், காலுக்கு ஒன்று.
ஒவ்வொரு நூற்கண்டு தீரும்போதும்
எழுந்து சன்னல்வரை நடக்கிறேன்.
முப்பது வருடமாய் அந்தச் சன்னலில்
செருப்புகளையும் பூட்சுகளையுமே பார்த்திருக்கிறேன்.
இன்று ஒரு முகம் உள்ளே எட்டிப் பார்த்து
உரிமையோடு சிரித்தது.
யாரென்று பிடிபடவில்லை.
குனிந்து காலணியைப் பார்த்தேன்.
அட, ரோசால்பா!