நாலாவது ஓனர்

முனிச்சாலையில சாந்தாராமின்ர ஷெட்டுக்குள்ள
வெள்ளை ஆம்னி ஒண்டு
மூக்கைச் சுவரில முட்டிக்கொண்டு நிண்டது.
வாகனம் என்ன விலை எண்டு கேட்டன்.
'வாகனம் அழகருக்குத்தான் சார்.
நமக்கெல்லாம் வண்டி' எண்டு சிரிச்சார்.
நாப்பத்தெட்டு.

குனிஞ்சு பாத்தன்.
சில்லு நாலும் தேஞ்சு கிடக்கு எண்டன்.
அவர் கண்ணாடிகளை ஒவ்வொண்டாய்த் தட்டிப் பாத்தார்:
'எங்க சார் சில்லு? ஒரு கீறல் இல்லையே!'
இருபத்தாறு வருசமாய் இந்த ஊர்ச் சுவருக்கெல்லாம்
பெயிண்ட் அடிச்சிருக்கிறன்.
விலை கேக்கேக்க மட்டும் நாக்கு
மன்னாருக்குப் போயிடுது.

கதவை இழுத்தால் கைபிடி கையோட வந்துது.
பின்சீட்டில ஆரோ ஒரு பிள்ளை ஒட்டின சூயிங்கம்
கல்லாய்ப் போயிருந்தது.
பின்கண்ணாடியில ஸ்டிக்கர்: ஹரிணி, கவின்.
'சிங்கிள் ஓனர் மாதிரி சார்' எண்டார்.
மாதிரி எண்டால்?
'மூணு பேரு. ஆனா ஒரே குடும்பம்.
கடைசி ஆளு துபாய்ல இருக்காப்ல.
அங்கிட்டு ஒரு பழைய கார் எடுத்துட்டாராம், சல்லிசா.'
நானும் வெளிநாட்டிலதான் இருக்கிறன் எண்டு
சொல்ல வாயெடுத்தன்.
விட்டிட்டன்.

நாலு பெயிண்டர்,
இருபது லிட்டர் வாளி ஆறு, ஏணி ஒண்டு,
ரெண்டு பழைய மொபெட்.
பின்னால இருக்கிறவன் ஏணியைத் தோளில போட்டிருக்க
கோரிப்பாளையம் சிக்னலில திரும்பினதுக்கு
ஒரு டவுன்பஸ் டிரைவர் ஏசின ஏச்சு
இன்னும் காதுக்குள்ள கிடக்கு.
அதுக்குத்தான் ஆம்னி, வேற ஆசை ஒண்டுமில்லை
எண்டு சுகந்தினிக்குச் சொல்லியிருந்தன்.

நாப்பத்தொண்டுக்கு இறங்கினார்.
நோட்டில சிலது எமல்ஷன் பட்டு விறைச்சிருந்தது.
எண்ணி முடிச்சுப் பேனையை எடுத்தார்.
பேர் சொன்னன், எழுதினார்.
விலாசம் சொன்னன்.
முகாம் எண்டதும் பேனை நிண்டது.

'ஆர்டிஓ ஆபீஸ்ல இழுத்தடிப்பாய்ங்க சார்.
உள்ளூர் ஆளு பேர்ல போட்டுருங்க.'
பிறகு, ஆறுதல் மாதிரி ஏதோ:
'நாங்களும் வந்த ஆளுகதான்.
வீட்டுல இன்னும் சௌராஷ்டிரம்தான் பேசுறோம்.
என்ன, எங்களுக்கு ஆர்.சி. மாறி
நானூறு வருசம் ஆச்சு.'
டீ சொன்னார்.
காசும் அவரே குடுத்தார்.

திருநகர் பெயிண்ட் கடை ஒச்சப்பன்
ஆதார் அட்டையோட வந்து
மூண்டு இடத்தில கையெழுத்துப் போட்டான்.
'நீ எவனையாச்சும் இடிச்சுட்டு வந்தா
எனக்குத்தான்யா சம்மன் வரும்' எண்டவன்
சாவியை ஒருக்கா மேல எறிஞ்சு பிடிச்சுத் தந்தான்.
அது மேல போய்க் கீழ வந்த நேரம்
உண்மையா அவன்ர வண்டிதான்.

அண்டைக்குப் பதிவு நாள்.
ஆறு மணிக்குள்ள முகாமில நிக்கவேணும்.
பாண்டிகோயிலடியில ரிங்ரோடு ஏறினன்.
மூண்டாவது கியர் விழேல்லை,
ரெண்டில இருந்து நாலுக்குத் தாவினன்.
விரகனூரில பச்சைப் பலகை
ராமேஸ்வரத்துக்கு அம்பு காட்டினது.
இண்டிகேட்டர் தானாய் அந்தப் பக்கம் துடிச்சுது.
வயர் பழுது.
நேராய் வந்தன்.

தர்சிகா ஓடிவந்து பின்கண்ணாடியை வாசிச்சாள்.
'யாருப்பா ஹரிணி? என் பேர எழுது.'
இங்க பிறந்தவள்.
'கதைக்காதப்பா, பேசு' எண்டு என்னைத் திருத்துறவள்.
மிச்சம் கிடந்த எனாமலைத் திறந்தன்.
பள்ளிக்கூடத்தில தர்ஷிகா,
பதிவேட்டில தர்சிகா.
எந்த எழுத்து எண்டு யோசிச்சு நிக்க
பிரஷ் பம்பரில சொட்டினது.
ஸ்டிக்கரைச் சுரண்டேல்லை.
அவையளும் இருக்கட்டும்.

இரவு முழுக்க எஞ்சினடியில
எண்ணெய் துளித்துளியாய்.
விடிய வண்டியை எடுத்தால்
வாசலில சோத்துத்தட்டு அளவில கறுப்பு வட்டம்.
சுகந்தினி மண் அள்ளிப்போட்டு மூடினாள்.
அடுத்த நாளும் மூடினாள்.
இப்ப மூடுறதில்லை.