செக்கிங் டேபிள்

பன்னிரண்டு வருசமாய்க் கவனம்தான் எனக்குச் சம்பளம்.
டியூப்லைட்டுக்குக் கீழே பனியனை விரித்தால்
ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்
தானாக வந்து கண்ணில் குத்தும்.
பழுது இருக்கிற இடத்தில்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி
ஆல்டருக்குத் தள்ள வேண்டும்.
நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் பீஸ்.

கவினேசுக்கு எட்டு வயசு.
அந்த அம்பு ஷீட்டைத் திருடிப்போய்
பிரிட்ஜ் கதவு, பல்லி ஓடிய தடம்,
சொந்தக் கால் கட்டைவிரல்
என்று எதிலெல்லாமோ ஒட்டிவைப்பான்.
நோட்டில் ஒவ்வொரு கணக்கும்
சமக்குறி வரைக்கும் வந்துவிட்டு
ஜன்னலுக்குப் போயிருக்கும்.

லைன் வீட்டில் ஆளுக்கொரு காரணம்.
"செல்போனக் குடுத்துக் கெடுத்துப்போட்டீங்க."
"ஆத்தாக்காரி ஓவர்டைம் போனா அப்படித்தானுங்."
"வவுத்துல பூச்சி இருக்கும், பாருங்கொ."
கருப்பராயன் கோயிலில் கயிறு வாங்கிக் கட்டினேன்.
சாயங்காலமே அவிழ்த்து
பம்பரத்துக்குச் சுற்றிவிட்டான்.

கோயமுத்தூரில் முதலில் காது பார்த்தார்கள்.
கண் பார்த்தார்கள்.
ரத்தத்தில் இரும்பு, தைராய்டு.
எல்லாம் ஓகே பீஸ்.
அப்புறம் ஒரு படிவம்,
பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று.
ஒருபோதும் இல்லை, சில சமயம், அடிக்கடி, மிக அடிக்கடி.
பொருட்களைத் தொலைக்கிறானா?
(இந்த வருசம் ஆறு ரப்பர், ஒரு செருப்பு. ஒற்றைச் செருப்பு.)
மோட்டார் பூட்டியது போல ஓடிக்கொண்டே இருக்கிறானா?
ஒவ்வொரு டிக்கும் அம்பாக விழ
பேனா நின்றது.
பெற்றதை ஆல்டருக்குத் தள்ளுகிறேனா நான்?

வீட்டுக்காரர் உட்காரவே இல்லை.
மூன்று தரம் டீக்குப் போனார்.
லிஃப்டில் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தார்.
டெம்போ சாவியை எங்கேயோ வைத்துவிட்டு
நாற்காலிகளுக்கு அடியில் தேடினார்.
என் தோளுக்கு மேலாக எட்டிப் படிவத்தைப் பார்த்தவர்
"ஏம்புள்ள, என்னையப் பத்தி
இவுங்களுக்கு ஆரு சொன்னா?" என்றார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை.
பல வீடுகளில் இது பரம்பரையாக வருவதுதான்,
உயரம் மாதிரி, என்றார்.
செல்போன் இதை உண்டாக்கவில்லை,
உங்கள் ஓவர்டைமும்தான்.
பிறகு அவரைப் பார்த்து:
நீங்கள் எத்தனாவது வரைக்கும்?
"எட்டாவதுங்க. எட்டாவதுல பாதிங்க.
எங்கய்யன் புளியம் வெளாறக் கீழயே வெக்க மாட்டாருங்க.
அடிச்சாச் செரியாப் போயிரும்னு."
சொல்லிவிட்டு முழங்கையைத் தடவினார்.
இத்தனை வருசத்தில்
நான் செக் பண்ணாத இடம் அது.

காலையில் சாப்பிட்டதும் ஒரு மாத்திரை.
மதியம் பசிப்பதில்லை,
இட்லி போனபடியே திரும்பி வருகிறது.
குறித்த நாளில் எடையும் பிரஷரும் பார்க்கிறார்கள்.
ஐந்து மணிக்கு மருந்து இறங்கிவிடும்,
லைன் வீடு பூராவும் அதை அறியும்.
மெர்லின் டீச்சர் முன் பெஞ்சுக்கு மாற்றி
போர்டு துடைக்கிற வேலையை
அவனுக்கே எழுதிவைத்துவிட்டார்.
சனிக்கிழமை எங்களுக்கும் வகுப்பு உண்டு.
ஒரு சமயத்தில் ஒரு வேலை மட்டும் சொல்.
முடித்தால் உடனே பாராட்டு.
கத்தாதே.
(போன வாரம் இதில் மூன்று தரம் தோற்றேன்.)

பத்து நிமிசம் கணக்கு.
அப்புறம் ஓடிப்போய்க் கேட்டைத் தொட்டுவிட்டு வரலாம்.
நேற்று இவரும் அவனோடு தரையில் உட்கார்ந்தார்,
வாடகை பாக்கி நோட்டை விரித்துக்கொண்டு.
டைமர் டிக்டிக்கென்று ஓடியது.
ஏழாவது நிமிசம் எழுந்தார்.
"அப்பா, இன்னும் மூணு நிமிசம் இருக்குது."
உட்கார்ந்தார்.

சமக்குறிக்கு அந்தப்புறம் ஓர் எண் இருந்தது.
ஐம்பத்தாறுக்குப் பதில் அறுபத்தைந்து.
என் கண்ணுக்குத் தப்புமா?
தட்டை எடுத்து வைத்தேன்.
ரெண்டு பேருக்கும் சோறு போட்டேன்.