ரசமட்டம்

புரோக்கர் நளீம் சொன்னது:
பன்னிரண்டு படம்.
ஆள் வரக் கூடாது. கொடியில் துணி கூடாது.
மருந்து, வாளி, செருப்பு எதுவும் கூடாது.
பார்க்கிறவன் கட்டாரில் கட்டிலில் கிடந்தபடி
தன் கதிரையை அந்த ஹோலில் போட்டுப் பார்க்க வேண்டும்.
ஆறாயிரம் தருவான்.
கலியாணங்கள் இல்லாத மாதம். ஒத்துக்கொண்டேன்.

காரைதீவிலிருந்து சாய்ந்தமருதுக்கு
மோட்டார் சைக்கிளில் எவ்வளவு தூரம்?
ஸ்டாண்டைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் இறங்கினேன்.
முன்பக்கம் கிழக்கு. கடல் வெளிச்சம் கதவு வரைக்கும் வந்திருந்தது.
ஹிதாயா வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்து,
பெருநாளைக்கு மட்டும் எடுக்கிற விரிப்பை
கட்டிலில் இழுத்து விட்டிருந்தா.

ஓர் அறையை எடுக்க
அதிலுள்ளதெல்லாம் அடுத்த அறைக்குப் போகும்:
அரிசி மூட்டை, தையல் மெஷின், மகளின் கம்பஸ் புத்தகங்கள்,
காற்றுப் போன சைக்கிள்,
கடைசியாக, சில்லு வைத்த கதிரையில்
உவைஸ் மேசன்.
வலக்கையும் வலக்காலும் போன வருடம் நோன்பில் நின்றவை.
வாய் கொஞ்சம் கோணல்.
கண் கோணல் இல்லை.

"தம்பி, கமரா சரிஞ்சிரிக்கி."
திரையைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.
"இடப்பக்கம் ஒரு நூல்."
ஒரு நூல் ஏற்றினேன்.
யன்னல் விளிம்பு எழுந்து நின்றது.

அதன்பிறகு அவர் எடுத்தார், நான் அமத்தினேன்.
"அந்த மூலையைப் பிடிக்காத, அது மட்டம் இல்ல.
அண்டைக்கு மழை, கைக்காரன் ஓடிட்டான்.
குசினி வாசல்ல குந்து.
தாழ இருந்து பாத்தாத்தான் கூரை உசரும்.
கலண்டருக்குப் பின்னால ஒரு வெடிப்பிரிக்கி,
கலண்டரைக் கழட்டிராத."

"வெடிப்பா?" ஹிதாயா தும்புத்தடியோடு நின்றா.
"இருவத்தொரு வருஷமா
அது பெயின்ற் காஞ்ச கோடு எண்டுதானே சொன்னீங்க?"
"உனக்கிட்டச் சொல்லலாமா? உன்ட வீடு."

அவவின் பெயரில் எழுதிய வீடு.
அவவின் வாப்பா இரண்டு போக நெல்லை விற்று எழுப்பியது.
இவர் அப்போது கூலிக்கு வந்த மேசன்,
நாளைக்கு இவ்வளவு, பகல் சோறு தனி.
யாருக்குக் கட்டுகிறோம் என்று கேட்கவில்லையாம்.
கூரை ஏறிய மாதம்தான்
மாப்பிள்ளையாகக் கேட்டு வந்தார்கள்.
"தெரிஞ்சிருந்தா
அந்த மூலையை இடிச்சுத் திருப்பிக் கட்டியிருப்பன்."

இப்போது மகளுக்கு வந்த இடம் கேட்பது
தெஹிவளையில், எட்டாம் மாடியில், ஒரு வீடு.

அகல லென்சில் பத்துக்குப் பத்து அறை
நெல் காயப் போடலாம் போல விரிந்தது.
திரையைத் திருப்பிக் காட்டினேன்.
நெடுநேரம் பார்த்தார்.
"இவ்வளவு பெரிசுக்கு
அண்டைக்கு எனக்குத் தந்த கூலி காணாது."

பன்னிரண்டாவது படம் படுக்கை அறை.
மற்ற அறைகளில் இனி ஒரு குடத்துக்கும் இடமில்லை.
கதிரையை எனக்குப் பின்னால், கதவோரம் தள்ளி விட்டோம்.
எடுத்தேன்.

இரவு, வீட்டில், கணினியில் பெருப்பித்துப் பார்த்தால்
அல்மாரிக் கண்ணாடியில்,
ரசம் உதிர்ந்த ஓரத்துக்கு இந்தப் பக்கம்,
ஓர் இடக்கை.
விரல்கள் சேர்ந்து, உள்ளங்கை மேலே பார்த்து,
ஒரு நூல், இன்னும் ஒரு நூல் என்று
யாரையோ ஏற்றிக்கொண்டிருந்தது.

மணப்பெண்களின் பருவை எடுக்கிற தூரிகைதான்.
இரண்டு நிமிடம்.
கை போன இடத்தில் சுவர் வந்தது,
கொஞ்சம் சரிந்து.
நிமிர்த்தப் பார்த்தேன். வரவில்லை.
அப்படியே அனுப்பினேன்.

விடியப்புறம் நளீம் குரல் அனுப்பியிருந்தான்:
"படம் எல்லாம் சோக்கு.
கட்டார்க்காரனுக்குப் பிடிச்சிரிக்கி.
ஒண்டே ஒண்டு கேக்கிறான்,
அந்தக் கலண்டர் ஏன்
போன வருஷத்து நோன்பு மாசத்துலயே நிக்குது?"