ஏழாவது லேன்

பேர் சின்னப்பையன். வயது நாற்பத்தாறு.
கிருஷ்ணகிரி டோல்கேட், ஏழாவது லேன், இரவு ஷிப்ட்.

முன்பெல்லாம் கைகள் வரும்.
வளையல் போட்ட கை, கிரீஸ் படிந்த கை,
நூறு ரூபாயை நாலாய் மடித்து நீட்டும் கை.
சில்லறை இல்லையென்றால்
எரிந்து விழவாவது ஒரு வாய் திறக்கும்.
இப்போது கண்ணாடியில் ஒட்டிய சீட்டைப் பார்த்து
கம்பம் தானாக எழுகிறது.
வண்டியும் மெஷினும் பேசி முடித்துவிடுகின்றன.

ஞாயிறு ராத்திரி, பெங்களூர் திரும்பும் கார்கள்.
ஒரு டயர் நம்ம ஒன்றரை மாசச் சம்பளம் என்றான்
எட்டாவது லேன் மாதேஷ்.
ஸ்டெப்னியோடு அஞ்சு டயர், ஏழரை.
"சனிதாண்ணே" என்று அவனே சிரித்தான்.

ராயக்கோட்டைத் தக்காளி டெம்போ,
கிரானைட் பாளம் ஏற்றிய ட்ரெய்லர்,
மாங்கூழ் டின் அடுக்கிய கண்டெய்னர்.
அந்த மாங்காய்க்குக் கொட்டை எடுத்தது
என் பெண்டாட்டியாக இருக்கலாம்.
வருஷத்தில் அறுபது நாள் வேலை.
மிச்ச நாளெல்லாம் கம்பெனிக்கு அவள் யாரோ.

மார்ச் முப்பத்தொன்று நள்ளிரவில்
ஏணி போட்டு ஏறி
பலகையில் புதுக் கட்டணம் ஒட்டுவது நான்தான்.
காருக்கு ஏறியது, வேனுக்கு ஏறியது,
பத்துச் சக்கர லாரிக்கும் ஏறியது.
ஒட்டிவிட்டு இறங்கினேன்
அதே சம்பளத்துக்கு.

போன ஆனியில் ஒரு ராத்திரி சர்வர் படுத்துவிட்டது.
நாற்பது நிமிஷம். எல்லா லேனிலும் ஹாரன்.
ஒவ்வொரு கண்ணாடியாக இறங்கியது.
ஏ.சி. குளிர் முகத்தில் அடித்தது,
கூடவே பின்சீட்டிலிருந்து சிப்ஸ் வாசனை.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
புகார் எழுத, ஒரு அம்மா
சட்டையில் குத்தியிருந்த பேரை
எழுத்துக் கூட்டிப் படித்தாள்.
"சின்னப்பையனா?
பெரியவங்க யாரும் இல்லையா இங்க?"

சொல்ல வெட்கமாக இருக்கிறது,
எனக்கு அது பிடித்திருந்தது.
எத்தனையோ மாசத்துக்கப்புறம்
வெளியாள் ஒருத்தர் வாயில் என் பேர்.
சர்வர் எழுந்தது.
கண்ணாடிகள் ஏறின.

சையத் பாஷா மலை தெரியத் தொடங்கும்போது
கணக்குச் சீட்டு வரும்.
கார் இத்தனை, பஸ் இத்தனை, லாரி இத்தனை.
கையெழுத்துப் போட்டுவிட்டு
எக்ஸெல்லை உதைத்துக் கிளப்பினேன்.

இரண்டு சக்கரத்துக்குக் கட்டணம் கிடையாது.
கம்பம் கிடையாது, கேமரா கிடையாது.
சுவரோரம் மூன்றடிச் சந்து.
அதில் வந்துகொண்டே இருக்கிறார்கள்:
பால் கேன் கட்டியவர், குவாரிக்குப் போகிறவர்கள்,
ஓசூர் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க
மூன்று பேராய் நெருக்கி உட்கார்ந்த பெண்பிள்ளைகள்.
அந்தச் சீட்டில் இவர்களுக்கு ஒரு கட்டம் இல்லை.

இன்றைக்கு என்ன தோன்றியதோ,
சந்து வாயில் வண்டியை நிறுத்தி
எண்ண ஆரம்பித்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு வரை வந்தேன்.
"அண்ணே, ஓரம் போண்ணே,
லேட்டானா அரை நாள் சம்பளம் போயிரும்"
என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

நகர்ந்தேன்.
நூற்றுப் பதிமூன்று.