தலைமாட்டு ஆள்

பெர்க்மான்ஸுக்கு எஞ்சின்.
ஜெல்டஸுக்கு அணியம், டார்ச்,
வாய் நிறையக் கெட்ட வார்த்தை.
எனக்குத் தலை.

அடிபட்டவன் தலை.
பயிற்சியில் அப்படித்தான் பிரித்துவிட்டார்கள்.
பங்கு மண்டபத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு
பெர்க்மான்ஸை மல்லாக்கக் கிடத்தி
ஆசாரிப்பள்ளத்திலிருந்து வந்த நர்ஸ் சொன்னார்:
முழங்கையை ஊன்று, விரல்களை விரி,
மூக்கும் தொப்புளும் ஒரே கோட்டில்.
காதை மட்டும் மூடாதே,
அவனுக்குக் கேட்க வேண்டும்.
பெர்க்மான்ஸ் அதற்குள் குறட்டை விட்டிருந்தான்.

ஆவணி, வெள்ளி இரவு.
கடியபட்டணத்துக்கு நேர்மேற்கே சாளை அடைந்து கிடந்தது.
வலையை ஏற்றி முடித்த பிறகு
கோயில் மணி அடித்தது,
பூசைக்கு அடிக்கிற மாதிரி இல்லாமல்.
வலையை இறக்கிவிட்டு
ஆரஞ்சு பெயிண்ட் அடித்த வள்ளத்தைத் தள்ளினோம்.
ஜெல்டஸின் மனைவி மணலில் நின்று சொன்னது
எங்கள் மூவருக்கும் சேர்த்துத்தான்:
"போங்க. ஊருக்கு முன்ன போங்க.
வட்டிக்காரன் வந்தா
கோயில் மணியக் காட்டிக் குடுக்கேன்."

பதினாறு மைல். கச்சான்.
விசைப்படகு எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு
கல்யாண வீடுபோல் ஆடிக்கொண்டிருந்தது.
வின்ச்சில் ரோப்பு அறுந்து பிடரியில் அடித்ததாம்.
இருபது வயது இருக்கலாம். ஒடிசாக்காரன்.
பெயர் கேட்டோம்,
மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள்.

எங்கள் ஸ்ட்ரெச்சர் ஒரு கதவு.
மறைக்கல்வி அறையைப் புதுப்பித்தபோது கழற்றியது.
"நான்காம் வகுப்பு" என்ற எழுத்தின் மேல்
அவனைக் கட்டினோம்.
நெற்றிக்குக் குறுக்கே துணி,
இரண்டு பக்கமும் என் பத்து விரல்.

கடலில் செத்தவனை ஏற்றியிருக்கிறேன்.
அலைக்குத் தகுந்தபடி கிடப்பான்.
உயிருள்ளவன் அப்படியில்லை.
ஒவ்வொரு அலைக்கும் முன்கூட்டியே இறுகுகிறான்.
அந்த இறுக்கம் என் மணிக்கட்டுக்கு வந்து
தோளுக்கு ஏறி
கடைவாய்ப் பல்லில் போய் உட்கார்ந்தது.

அவன் பேச ஆரம்பித்தான்.
ஒரே வாக்கியம். திரும்பத் திரும்ப.
அம்மாவைக் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன்.
ஊர்ப் பெயரோ, கடன் கணக்கோ,
சாமியிடம் ஏதாவது பேரமோ.
நான் ஒவ்வொரு முறையும் "ம்" என்றேன்.
வேறென்ன சொல்ல?
முட்டம் விளக்கு ஒரு சுற்று வரும். ம்.
இன்னொரு சுற்று. ம்.
பாதி தூரத்தில் "வந்தாச்சு மக்கா" என்று
ஒரு பொய்யும் சொன்னேன்.
பெர்க்மான்ஸ் திரும்பிக் கத்தினான்:
"பேசுகானா? பேச விடு. நிறுத்தினா சொல்லு."
அலை ஏறும்போது எஞ்சினைக் கொடுத்து
இறங்கும்போது குறைத்து,
சைக்கிளில் முட்டை கொண்டுபோகிறவன்போல
அவன் ஓட்டினான்.
மூன்று வருஷமாக அவனைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

துறைமுக வாயில் மூன்று அலை பொறுத்தோம்.
நான்காவதன் முதுகில் ஏறி உள்ளே.

ஆம்புலன்ஸ் கதவு வரை விரல்களை எடுக்கவில்லை.
எடுத்த பிறகு அவை மடங்கவில்லை.
டீ கிளாஸை இரண்டு உள்ளங்கையாலும்
அமுக்கிப் பிடித்துக் குடித்தேன்.
மற்ற வள்ளங்கள் சாளையோடு வந்திருந்தன.
ஏலம் முடிந்த இடத்தில்
யாரோ மூன்று கூறு தனியே வைத்திருந்தார்கள்.
யாரென்று நாங்களும் கேட்கவில்லை.

நோட்டில் எழுதியது:
மண்ணெண்ணெய் முப்பத்தெட்டு லிட்டர்.
கயிறு ஒன்று போயிற்று.
ஆள் ஒன்று, உயிரோடு.

ஒன்பதாம் நாள் ஆசாரிப்பள்ளம் போனோம்.
கழுத்தில் காலர்.
கால் பெருவிரலை அசைத்துக் காட்டினான்,
காட்டிவிட்டு இன்னொரு முறையும் அசைத்தான்.
எதிர்க் கடை பரோட்டா மாஸ்டர் அவன் மாவட்டத்துக்காரராம்,
மாவு காய்ந்த கையோடு வந்து மொழிபெயர்த்தார்.
அன்றைக்கு வழியெல்லாம் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

அவன் ஜெல்டஸைப் பார்த்தான்.
வார்டு கதவைப் பார்த்தான்.
மெதுவாக இடது காதைத் தொட்டான்.

"காதை விடு, வலிக்குது."

பெர்க்மான்ஸ் சிரித்த சிரிப்பில்
பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார்.
நான் குனிந்து பார்த்தேன்.
காது மடலில் இன்னும் இருந்தது
என் கட்டைவிரல் நகத்தின் பிறை.

ம், என்றேன்.