ஒன்பது பதினேழு

அக்டோபர் கடைசி. சஸ்காட்செவனில் நிலம் இறுகத் தொடங்கியிருந்தது.
கம்பத்தடி இணைப்புப் பெட்டியைத் திறந்தேன்.
நீரில்லை, துருவில்லை.
ஒரு சுண்டெலி தன் கோதுமையைச் சேமித்திருந்தது.
அதைக் குற்றவாளி என்று எழுத மனம் வரவில்லை.

மாட்டு வேலியின் மின்துடிப்போ?
அணைத்துப் பார்த்தேன்.
கம்பியில் டிக் டிக் நின்றது,
இணைப்பு நிற்கவில்லை.

கொட்டகைத் தொலைபேசியைப் பிடுங்கிப் போட்டேன்.
மோடம் மறுபடி கரகரத்து, கீச்சிட்டு,
எங்கோ ரெஜைனாவில் இன்னொன்றோடு கைகுலுக்கி,
அறுந்தது.

ஓல்ஹா ப்ரொடியுக் கோபப்படவில்லை.
விதைக் கம்பெனி நாட்காட்டியைக் கழற்றித் தந்தாள்.
அறுந்த நேரமெல்லாம் பென்சிலில்.
தாறுமாறான எண்கள். எலியின் கணக்கில் போகட்டும்.
வியாழன் வரிசையில் மட்டும்
ஒன்பது பதினேழு
ஒன்பது பதினேழு
ஒன்பது பத்தொன்பது.

"யாரோ கூப்பிடுகிறார்கள்," என்றேன்.
"காத்திருக்கும் அழைப்பின் ஒரு பீப் போதும்,
மோடத்துக்குப் பேச்சு மறந்துவிடும்."
"ஆமாம், பிறகு மணி அடிக்கும்.
எடுத்தால் ஒன்றுமிருக்காது."

மருந்து சின்னது. காகிதத்தில் எழுதினேன்:
எண்ணுக்கு முன்னால் நட்சத்திரம், ஏழு, சுழியம்,
பிறகு ஒரு காற்புள்ளி.
காற்புள்ளி என்றால் மோடத்துக்கு
'இரண்டு நொடி பொறு.'

அவள் வெகுநேரம் பொறுத்தாள்.
"இதைப் போட்டால் அந்த ஆளுக்கு என்ன கேட்கும்?"
"லைன் பிஸி."

பணித்தாளில் 'சரிசெய்யப்பட்டது' என்று குறித்து நீட்டினேன்.
பேனாவை வாங்கிக்கொண்டு,
கையெழுத்திடாமல் கேட்டாள்:

"வியாழன் தவிர என்று போட முடியுமா?"